பழுப்பு நிறப் பேய்

வேலை தொடங்கும் மணி அடிப்பதற்கு முன்பே தையல் தொழிற்சாலை வாசலில் வரிசை வளர்ந்துவிட்டது. சம்பள நாளில்கூட அவ்வளவு ஒழுங்காக யாரும் நின்றதில்லை. ஒவ்வொரு பெண்ணின் கையிலும் மூடி போட்ட ஒரு கண்ணாடிப் புட்டி. புட்டிக்குள் அவரவர் சிறுநீர். முகம் சுளிக்காதீர்கள். பேய் அதில்தான் தெரியும் என்று பேயோட்டுகிற தண்ணிச்சாமி சொல்லியிருந்தார்.

காவலறையில் மேசை போட்டு அமர்ந்திருந்தார் தண்ணிச்சாமி. புட்டியை வாங்குவார், சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார், ஒரு கண்ணை மூடிக்கொள்வார். வெளிறிய நிறமென்றால் பேய் எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. மஞ்சள் என்றால் குடிவந்திருக்கிறது. பழுப்பு என்றால் குடும்பத்தோடு குடிவந்திருக்கிறது. வாடகையும் தராது, வீட்டையும் காலி செய்யாது.

மருந்தும் அவரிடமே இருந்தது. மந்திரம் ஓதிய தண்ணீர், பெரிய பாட்டிலில். காசு கொடுத்து வாங்கியவள் அங்கேயே உட்கார்ந்து சொட்டு மிச்சமில்லாமல் குடிக்க வேண்டும். பிறகு மின்விசிறிக்கு அடியில் கொஞ்ச நேரம் படுக்க வேண்டும். பேய் வெளியேறுகிற வழி கழிவறை என்பதால், அன்று முழுக்க அவளை அங்கே போகவிடாமல் யாரும் தடுக்கக் கூடாது. அப்படிச் செய்தவர்களுக்குத் தலைவலி போயிற்று, கண் இருட்டுவது நின்றது, நீர்க்கடுப்பு அடங்கியது.

"சும்மா சொல்லக்கூடாது, அந்தத் தண்ணியில என்னமோ இருக்குடி" என்றாள் பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பவள்.

இருந்தது. தண்ணீர் இருந்தது.

வரிசையின் நடுவில் நின்ற காலர் தைக்கிறவளை அந்தத் தையல் கூடமே 'அண்ணி' என்றுதான் கூப்பிடும். அவளுடைய நாத்தனார் சின்னவள் அங்கே பொத்தான் தைக்கிறாள். அவள் கூப்பிட்டதைக் கேட்டு எல்லோரும் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அந்தக் கோடையில், இஸ்திரிப் பெட்டிகளின் ஆவியில் கூடம் இட்லிச் சட்டி போல வெந்துகொண்டிருந்தபோது, பெண்கள் மயங்கி விழத் தொடங்கினார்கள். சின்னவள் இரண்டு தடவை விழுந்தாள். மேலாளர் மருத்துவரை அழைக்கவில்லை, சாமியை அழைத்தார். மருத்துவர் வந்தால் கேள்வி கேட்பார். சாமி கேட்கமாட்டார்.

வரிசையில் நிற்க முடியாத சின்னவளுக்காக அண்ணி நீட்டிய புட்டியைப் பார்த்ததும் தண்ணிச்சாமி உச்சுக்கொட்டினார்.

"பழுப்பும்மா. இது பாட்டிலுக்கு அடங்குற பேய் இல்ல. சனிக்கிழமை நம்ம இடத்துக்குக் கூட்டிட்டுப் போயி அடிச்சுத்தான் இறக்கணும். அதுவரைக்கும் வீட்டை விட்டு வெளிய விடாதீங்க."

இஸ்திரி போடுகிற ஒருத்தியை அப்படித்தான் கூட்டிப் போனார்கள். திரும்பி வந்தவளுக்கு முதுகைச் சாய்த்து உட்கார முடியவில்லை. என்ன நடந்தது என்று கேட்டால் இஸ்திரிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

வீட்டில் அவள் கணவன் சாமி சொன்னதற்கு ஏற்கெனவே தலையாட்டிவிட்டு வந்திருந்தான். அதே தொழிற்சாலையில் துணி வெட்டும் பகுதியில் வேலை.

"அனுப்ப மாட்டேன்" என்றாள் அண்ணி.

"பேய் பிடிச்சவள்னு பேரு வந்தா நாளைக்கு அவளை எவன் கட்டுவான்? அவளுக்கு அண்ணன் நானா, நீயா?"

"நீங்கதான். அதனாலதான் கேக்கறேன். உங்க பகுதியில யாரையாச்சும் பேய் பிடிச்சுதா?"

"ஆம்பளைங்களைப் பிடிக்காது."

"ஏங்க? உங்க மேல அதுக்கு என்ன கோவம்?"

"உனக்கு எல்லாமே விளையாட்டு" என்று சொல்லிவிட்டு அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

அண்ணி சாப்பாட்டுப் பையைக் கழுவ எடுத்துப்போனாள். சின்னவளின் தண்ணீர்ப் பாட்டில் காலையில் கொடுத்தனுப்பியபடியே, கழுத்து வரை நிறைந்திருந்தது.

"ஏண்டி, வாயே வைக்கலையா?"

சின்னவள் பாயில் சுருண்டு படுத்திருந்தாள். "குடிச்சா போகணும் அண்ணி. சாவியம்மா முன்னால போயி கையை நீட்டணும். அவங்க கடிகாரத்தைப் பாப்பாங்க. 'இப்பத்தானேடி போனே'ன்னு கூடமே கேக்கறாப்பல சொல்லுவாங்க. அதுக்குக் குடிக்காமலே இருந்துடலாம்."

சாவியம்மா கூடத்தின் மேற்பார்வையாளர். பெண்கள் கழிவறைச் சாவியை வளையலோடு கோத்துப் போட்டிருப்பார். துணி வெட்டுகிற ஆண்களுக்குச் சாவி தேவையில்லை. அவர்கள் ஒதுங்கப் பின்சுவர் இருந்தது. பக்கத்திலேயே ஒரு தண்ணீர்ப் பீப்பாயும் இருந்தது.

அண்ணி தன்னுடைய பாட்டிலைப் பார்த்தாள். அதுவும் நிறைந்துதான் இருந்தது. வருடக்கணக்காக அவளும் அதையேதான் செய்துகொண்டிருந்தாள். மாலையில் மண்டையைப் பிளக்கிற வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, விதியே என்று படுத்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து சின்னவளுக்கு ஒரே வேலைதான். குழாய்த் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துத் தலைமாட்டில் வைத்தாள் அண்ணி. தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொன்னாள். மந்திரம் எதுவும் ஓதவில்லை; ஓதினாலும் "குடிடி" என்பதுதான் மந்திரம். முதலில் தலைவலி விட்டது. பிறகு எரிச்சல் நின்றது. பிறகு சின்னவள் எழுந்து உட்கார்ந்து, அண்ணன் குறட்டை விடுவதைப் போலச் செய்து காட்டினாள். பேய் பிடித்தவள் செய்கிற வேலையா அது?

"குணமாயிட்டா, பாருங்க" என்றாள் அண்ணி கணவனிடம்.

"பேய் பம்மிக்கிட்டிருக்கும். அவரே சொன்னாரு."

விழுந்தாலும் பேய், எழுந்தாலும் பேய்.

சனிக்கிழமை வந்தது. தொழிற்சாலை வாசலில் சாமியின் வண்டி நின்றது. வேடிக்கை பார்க்க மொத்தக் கூடமும் திரண்டிருந்தது. மேலாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கணவன் தங்கையின் கையை இறுக்கிப் பிடித்திருந்தான்.

"கூட்டிட்டுப் போறதுக்கு முன்னால ஒரு தடவை பாத்துடுங்க சாமி" என்று அண்ணி இரண்டு புட்டிகளை மேசை மேல் வைத்தாள்.

சாமி முதல் புட்டியைத் தூக்கிப் பிடித்தார். கண்ணை மூடினார். திறந்தார்.

"அப்பப்பா. பழுப்புலயே முத்தின பழுப்பு. தலைமுறை தலைமுறையா வர்ற பேய். பிரம்பு இல்லாம இறங்காது."

கூட்டம் ஓரடி பின்வாங்கியது.

"இது சாமி?"

இரண்டாவதைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "இதுதாம்மா சுத்தமான உடம்பு. நம்ம பாட்டில் செஞ்ச வேலை. பேய் இருந்த தடமே இல்ல. யாரு தாயி இது, முன்னால வா."

"முன்னாலதான் நிக்கறா" என்றாள் அண்ணி. "அது சின்னவளோடது. உங்க பாட்டில் ஒண்ணுகூட அவ குடிக்கல. எங்க வீட்டுக் குழாய்த் தண்ணி."

சாமிதான் முதலில் சமாளித்தார்.

"அப்போ இந்தப் பழுப்பு யாரோடது? அவளை உடனே பிடிச்சுக் கட்டுங்க."

அண்ணி முதல் புட்டியை எடுத்தாள். மூடியைத் திருகினாள். எல்லோரும் பார்க்க மடமடவென்று குடித்தாள்.

காஜா எடுப்பவள் பக்கத்திலிருந்தவளின் தோளைப் பிடித்துக்கொண்டாள். மேலாளர் கைக்குட்டையைக் கழுத்திலிருந்து வாய்க்கு மாற்றினார்.

அண்ணி வாயைத் துடைத்தாள். "பால் ஊத்தாத டீ. காலையில போட்டது, ஆறிப்போச்சு. சர்க்கரையும் கொஞ்சம் கம்மி."

"பேய்... பேய் அந்த டீக்குள்ள புகுந்திருக்கு" என்றார் சாமி.

"அப்படின்னா இப்ப என் வயித்துல இருக்கு. எடுங்க பிரம்பை. என்னை அடிச்சு இறக்குங்க, எல்லாரும் பாக்கட்டும்."

சாமி பிரம்பைத் தேடவில்லை, வண்டியைத் தேடினார். ஆனால் வண்டிக்கு முன்னால் முதுகு சாய்க்க முடியாத அந்த இஸ்திரிக்காரி நின்றிருந்தாள். அவளைத் தாண்டிப் போக அவருக்கு எந்த மந்திரமும் நினைவுக்கு வரவில்லை. பின்சுவர் ஏறிக் குதித்துத்தான் போனார். மிச்சமிருந்த பாட்டில்களைப் பெண்கள் உடைக்கவில்லை. நல்ல தண்ணீர், வீணாக்குவானேன்? ஆளுக்குக் கொஞ்சமாகக் குடித்துவிட்டார்கள்.

கணவன் தங்கையின் கையை இன்னும் விடவில்லை. "ரொம்ப இறுக்கிப் பிடிச்சிட்டேனா?" என்று மட்டும் கேட்டான்.

"எல்லாரும் வேலையைப் பாருங்க" என்றார் மேலாளர். யாரும் அசையவில்லை.

அண்ணி சாவியம்மாவிடம் போய்க் கையை நீட்டினாள். சாவியம்மா பழக்கதோஷத்தில் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தன் வறண்ட உதட்டை நாக்கால் தடவினார். நாள் பூராவும் அந்தக் கூடத்தில் நிற்கிறவர்தானே, அவர் மட்டும் எப்போது குடித்தார்? வளையலைக் கழற்றிச் சாவியை எடுத்து அண்ணியின் கையில் வைத்தார். அண்ணி போய்ப் பூட்டைத் திறந்தாள். பூட்டையும் சாவியையும் சேர்த்து மேலாளரின் மேசையில் வைத்துவிட்டு வந்தாள்.

மக்களே, தலை சுற்றினால் பேயைத் தேடிக்கொண்டு ஓடாதீர்கள். முதலில் ஒரு சொம்பு தண்ணீரைத் தேடுங்கள். குடித்துவிட்டு, தெளிந்த தலையோடு இன்னொன்றையும் தேடுங்கள்: இத்தனை நாளும் உங்களைக் குடிக்கவிடாமல் வைத்திருந்தது யார்? அதற்குக் கட்டாயம் இரண்டு கால் இருக்கும்.