அனுமதிக் கட்டத்தில் ஓர் இன்ட்டு

மனிதகுலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது, பிறகு சக்கரத்தை. அதற்கப்புறம் பல்லாயிரம் ஆண்டுகள் ஓய்வெடுத்துவிட்டு, ஒரு மருந்துக் கிடங்கின் அலுவலகத்தில் "காகிதமற்ற விடுப்பு முறை"யைக் கண்டுபிடித்தது. அதைக் கட்டிக்காத்த மேலாளரின் புகழைப் பாட ஒரு வாய் போதாது.

அங்கே மூன்று ரகக் கணினிகள். மேலாளர் மேசையில் பதவிக்கேற்ற மேக். கணக்குப் பிரிவில் செலவில்லாமல் வந்த லினக்ஸ். தட்டச்சர் அக்காவிடம் யாருக்கும் வேண்டாத பழைய விண்டோஸ். மருந்துப் பெட்டியில் ஒட்டும் சீட்டில் வெப்பநிலை எண்ணுக்குப் பக்கத்தில், மேலே ஒரு சின்ன வட்டம் வர வேண்டும். அது எந்த விசைப்பலகையிலும் கண்ணில் படாது. அக்கா ஆல்ட் விசையை அமுக்கிக்கொண்டு வலப்பக்க எண்களில் 0176 தட்டுவார். வட்டம் வந்து உட்காரும். மற்ற இரண்டு கணினிகளுக்கும் வேறு வேறு வித்தை, அவையும் அவருக்கு அத்துப்படி. அதனால் எல்லாரும் "இங்கே வட்டம்" என்று எழுதி இடம் விட்டு அவருக்கு அனுப்பிவிடுவார்கள். மேலாளரும் அப்படித்தான். கற்றுக்கொள்வது அவர் தகுதிக்கு அழகல்ல.

அக்காவின் மகளுக்கு வெள்ளிக்கிழமை பிரசவத்துக்கு நாள் குறித்திருந்தார்கள். தலைப்பிரசவம். மருமகனுக்குக் கப்பலில் வேலை. இப்போதைக்குக் கரை திரும்ப மாட்டான். அம்மாவை விட்டால் பெண்ணுக்கு ஆளில்லை. பத்து நாள் விடுப்புக் கேட்டு மனு அனுப்பினார். அனுமதிக் கட்டத்தில் ஓர் இன்ட்டோடு திரும்பி வந்தது. மருத்துவர் சீட்டை இணைத்து மறுபடி அனுப்பினார். இன்ட்டு. பத்து நாளை நாலாகக் குறைத்தார். அதற்கும் இன்ட்டுதான்.

அலுவலகத்தில் யாரும் ஆச்சரியப்படவில்லை. மேலாளர் பதினோரு வருடமாக ஒருவருக்கும் விடுப்புத் தந்ததில்லை. அந்த "நெஞ்சுறுதி"யை மெச்சித் தலைமையகம் அவருக்கு ஒரு கேடயமே கொடுத்திருந்தது. வண்டி ஓட்டுநர் அக்காவைத் தேற்றினார்.

"எங்கப்பா செத்ததுக்கே எனக்கு இன்ட்டுதான்க்கா. நீங்க வேற."

வியாழக்கிழமை காலை அக்காவுக்குப் பொறுக்கவில்லை. நேராக மேலாளர் அறைக்குள் போய்விட்டார். ஓட்டுநர் அங்கே சரக்குச் சீட்டில் கையெழுத்து வாங்க நின்றுகொண்டிருந்தார்.

"சார், நாளைக்கு என் பொண்ணுக்குப் பிரசவம். நீங்க வேலையை விட்டுத் தூக்கினாலும் சரி, நான் போகத்தான் போறேன்."

மேலாளர் நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தில் உறுதி இல்லை. திருட்டு முழி இருந்தது.

"நான் போகாதேன்னு சொன்னேனாம்மா?"

"மூணு தடவை இன்ட்டு போட்டீங்களே சார்."

அவர் திரையை அக்கா பக்கம் திருப்பினார்.

"கட்டத்துல டிக் போடணும், இல்லேன்னா இன்ட்டு போடணும். காலியா விட்டா மெஷின் வாங்கிக்காது. இன்ட்டுக்குக் கீபோர்டுல எக்ஸ் இருக்கு. டிக் எங்கம்மா இருக்கு? காட்டு பார்ப்போம்."

தன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று அக்கா சொன்னதற்கு மேலாளர் விதியைச் சொன்னார். விடுப்பு முடிவு பரம ரகசியம். அதில் தட்டச்சர் கை படக்கூடாது. வேறொரு மனுவிலிருந்து டிக்கை நகலெடுக்கவும் அவர் பார்த்தாராம். ஆனால் அந்த அலுவலகத்தில் டிக் விழுந்த மனு ஒன்றுகூட இல்லை.

அக்கா குனிந்து கன்ட்ரோல், கமாண்ட், ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்து அமுக்கினார். குறிகள் நிறைந்த பெட்டி ஒன்று திறந்தது. தேடி எடுத்துக் கட்டத்தில் வைத்தார். பதினோரு வருட நெஞ்சுறுதி ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது.

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அந்த டிக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பேரப்பிள்ளையை முதலில் பார்த்தவர் அவர்தான் என்று சொல்லலாம், அவ்வளவு பூரிப்பு.

ஓட்டுநர் நின்ற இடத்திலேயே நின்றார். கையிலிருந்த சரக்குச் சீட்டு கசங்கிவிட்டது.

"அப்போ எங்கப்பா செத்தப்ப நான் கேட்ட லீவுக்கும் இதானா சார்?"

மேலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். இந்த முறை அந்த முகத்தில் திருட்டு முழி இல்லை.

"எனக்கும் மனசு கேக்கலப்பா. இன்ட்டுக்குப் பக்கத்துல வருத்தத்துக்கு ஒரு குறியாவது போடலாம்னு அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் தேடினேன். அதுவும் இந்தக் கீபோர்டுல இல்ல."