அரிசி மூட்டையும் நானும் ஏறிய ஸ்கூட்டர்

உலகத்தில் எல்லோரும் ஸ்கூட்டரை ஓட்டுவதற்கு வாங்குவார்கள். அதன் வயிற்றைக் கிழித்து, உள்ளே இருக்கும் என்ஜினை எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பதற்கென்றே வாங்கிய ஒரே மனிதர் எங்கள் தெரு 'ஆபரேஷன்' அண்ணாத்தேதான். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. எங்கள் பாரிவாக்கத்தில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

ஆவடியில் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு அவருக்குத்தான், அவருடைய ஸ்பானருக்கு இல்லை. பழைய சின்ன ஸ்கூட்டர் எங்கே விற்பனைக்கு வந்தாலும் போனில் கண்டுபிடித்துவிடுவார். முகப்பேர் அடுக்குமாடிக்குக் கீழே தூசியும் பூனைக்குட்டிகளுமாகக் கிடந்த ஒன்றை வாங்கி, பூனைக்குட்டிகளை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். ஆனால் சட்டம் தவறாதவர். ஒவ்வொரு தடவையும் புது என்ஜின் நம்பரை ஆர்.சி. புத்தகத்தில் ஏற்ற ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போவார். வாசலில் அவர் தலை தெரிந்ததும் எழுத்தர் டீ குடிக்கக் கிளம்பிவிடுவாராம்.

இத்தனையும் அவர் மனைவி சரோஜாவுக்காக.

ஒரு தடவை சின்ன ஸ்கூட்டரில் பெரிய என்ஜினை வைத்துவிட்டு, "ஏறிக்கோ சரோஜா" என்றார். அவளும் ஏறினாள். முறுக்கினார் பாருங்கள், ஸ்கூட்டர் போய்விட்டது. சரோஜா சாலையில் உட்கார்ந்திருந்தாள். மனிதர் சென்னீர்குப்பம் வரை அவளிடம் பேசிக்கொண்டே போயிருக்கிறார்.

"பதிலே வரல யக்கா. சரி, நல்லா காத்து வாங்கினு வர்றான்னு நெனச்சேன்" என்று என்னிடம் சொன்னார்.

அன்றிலிருந்து சரோஜாவுக்குப் பஸ்தான். இவரோ, கிளம்பும்போது குதிக்காமல், மேட்டில் திணறாமல் போகிற என்ஜின் ஒன்று அமைந்தால் அவள் மறுபடி பின்னால் ஏறுவாள் என்று மாற்றி மாற்றி வைத்தார். அவள் எடைக்கு ஓர் அரிசி மூட்டையைப் பின்சீட்டில் கட்டிக்கொண்டு ரயில்வே மேம்பாலத்தில் ஏற்றிப் பார்ப்பார். மூட்டை நல்லபடியாகப் போய்விட்டு வரும். சரோஜா அசைய மாட்டாள்.

"மூட்டைக்கு இன்னாய்யா பயம்? எனக்குத்தானே பயம்!"

அந்தப் பேச்சில்தான் நான் மாட்டினேன். எங்கள் தெருவில் பயப்படுவதற்கு என்னை விட்டால் ஆள் கிடையாது. குக்கர் விசிலுக்கே தள்ளி நிற்பேன்.

பக்கத்து வீட்டிலிருந்து அண்ணாத்தே கைகூப்பியபடி வந்தார். "யக்கா, நீயே பயப்படலன்னா சரோஜா நம்பிருவா. ஒரே ஒரு தபா ஒக்காந்து வா."

முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஏறிவிட்டேன்.

கிளம்பியது என்னவோ தொட்டில் மாதிரிதான். மேம்பாலத்தில் பாதி ஏறியதும் வண்டி இருமியது, தும்மியது, நின்றுவிட்டது. பின்னால் பஸ்காரர் ஹாரனை விடாமல் அழுத்தினார். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "பெர்சு, ஓரங்கட்டு! ஜோடியா ஊர்வலமா போறீங்க?" என்றார். வெட்கம் பிடுங்கித் தின்றது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

"யோவ்! பின்னால யாருய்யா அது?"

பஸ் ஜன்னலில் சரோஜா. ஆவடி மார்க்கெட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தவள், காய்கறிப் பையோடு குதித்து இறங்கினாள்.

"மூஞ்ச மூடிகினு ஒக்காந்துகீறியே, யார்டி நீ?"

முந்தானையை எடுத்தேன். "நான்தான் சரோஜா. அரிசி மூட்டைக்குப் பதிலா..."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. உடனே கோபமும் வந்தது. அவரைப் பார்த்து, "ஏன்யா, நான் ஒக்கார எடத்துல ஊர்ல கீறவங்கள எல்லாம் ஒக்கார வெப்பியா? நீ எறங்கு யக்கா!" என்றாள். பையை என் கையில் திணித்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

"என்ஜின் ஓடல சரோஜா..."

"ஓடாத என்ஜின்தான் எனக்கு வோணும். தள்ளு."

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இறங்கி வந்த கண்டக்டரும் அவருமாகப் பாலத்தின் உச்சி வரை தள்ளினார்கள். அங்கே அவர் தாவி ஏறிக்கொண்டார். இறக்கத்தில் ஸ்கூட்டர் சத்தமே இல்லாமல் உருள ஆரம்பித்தது. சரோஜா அவர் தோளைப் பிடித்திருந்தாள்.

"மெதுவாப் போய்யா."

"மெதுவாத்தான் போறேன்."

பஸ்ஸும் எங்களைத் தாண்டிப் போய்விட்டது. பாலம் இறங்கி முடிகிற இடத்தில், ஓடாத அந்த ஸ்கூட்டரை விட்டு இறங்காமலே இரண்டு பேரும் எனக்காகக் காத்திருந்தார்கள். நான் கொஞ்சம் வேகமாக நடந்திருக்கலாம்தான். நடக்கவில்லை.