புயலுக்கு இடம் ஒதுக்கிய சங்கம்

கடல்சார் தொழில்நுட்பத்தின் வரலாற்றை எவராவது உடப்பு என்ற மீனவக் கிராமத்தை விட்டுவிட்டு எழுதினால், அந்தப் புத்தகம் கருவாடு சுற்றத்தான் உதவும். படகுகளுக்குக் கம்பியில்லா வலையமைப்பில் காற்று எச்சரிக்கை அனுப்பிய பெருமை அந்த ஊர் வடகரை மீனவர் நவீன சங்கத்தையே சேரும். அந்த எச்சரிக்கையில் காற்றைப் பற்றி மட்டும் ஒன்றும் இருக்காது.

காரணத்தைக் கண்டுபிடித்தவள் சங்கத்தின் கணினிப் பொறியாளர் சாருமதி. கரைக் கருவி ஐந்நூறு எழுத்து வரை அனுப்பியது. படகுக் கருவியை இயக்கும் டிரைவர் மென்பொருளோ நினைவகத்தில் இருநூறு எழுத்துக்குத்தான் இடம் ஒதுக்கியிருந்தது. மிச்சம் வெட்டுப்பட்டது. வழக்கப்படி தலைவர் கனகசுந்தரத்தின் பட்டங்கள் முன்னால் போக, காற்று வாலில் போனது. சாருமதியின் கணவன் அருள்குமரனும் கடலுக்குப் போகிறவன். அவள் அன்றே தலைவரிடம் ஓடினாள்.

அவசரக் கூட்டம் கூடியது.

"ரெண்டு பக்கமும் ஒரே அளவு இடம் வச்சாச் சரி, ஐயா. ஒரு வரிதான் மாத்தோணும்," என்றாள் சாருமதி.

"ஒரு வரிதானே? அப்ப ஒரு உபகுழு போதும்," என்றார் தலைவர் பெருந்தன்மையோடு.

உபகுழு ஆராய்ந்து "அங்கீகரித்தது". சாருமதி படகு படகாக ஏறி டிரைவர் மென்பொருளைத் திருத்தினாள். இனி ஐந்நூறு எழுத்தும் முழுசாய்ப் போய்ச் சேரும் என்று அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

இடம் கூடிய சங்கதி ஊரெல்லாம் பரவியது. உபதலைவர் சிவகரன் ஓடிவந்தார்.

"புது இடத்தில எங்கட பேரும் வரத்தானே வேணும்?"

பொருளாளர் வந்தார். சங்கத்துக்குப் பணம் கொடுக்கும் போசகர்கள் வந்தார்கள். பெயர்களே ஐந்நூறு எழுத்தையும் நிரப்பின. காற்று மறுபடியும் வெளியே நின்றது.

"காத்தை முதல்ல போடுங்களேன், ஐயா!" சாருமதிக்கு அழுகையே வந்துவிட்டது.

தலைவர் திடுக்கிட்டார். "தலைவருக்கு முன்னுக்குக் காத்தா? அது எந்தச் சங்கத்தில உறுப்பினர், பிள்ளை?"

மறுவாரம் காற்று, எந்தச் சங்கத்திலும் சேராமலே அடித்தது. அருள்குமரனின் படகு கவிழ்ந்தது. எண்ணெய்க் கேனைக் கட்டிப்பிடித்து மிதந்தவனை, கண்டக்குழி ஊர்ப் படகொன்று தூக்கி வந்தது. சாருமதி அவன் சட்டையைப் பிடித்த பிடியை வெகுநேரம் விடவில்லை.

சங்கம் சும்மா இருக்குமா? "எச்சரிக்கையால் மீண்ட உறுப்பினர்" என்று பாராட்டு விழா எடுத்தது. அருள்குமரனுக்குப் பொன்னாடை போர்த்திய தலைவர் ஒலிவாங்கியை நீட்டினார்.

"தம்பி, எங்கட செய்தி கிடைச்சதுதானே?"

"ஓம் ஐயா, முழுசாக் கிடைச்சது," என்றான் அருள்குமரன். "கரையில யார் யார் பத்திரமா இருக்கிறாங்க எண்டு ஒரு பேர் விடாம வாசிச்சிட்டுத்தான் கடலுக்குள்ள விழுந்தன்."