மணவறை வந்த வண்டி

உயரமான வண்டியில் ஏறியவனுக்குக் கீழே நிற்பவர்கள் சொல்வது காதில் விழாது. இரண்டாயிரங்களின் நடுவில் நான் புது எஸ்.யூ.வி. வாங்கியபோது எனக்கும் அந்தக் காதடைப்பு வந்தது. (கால் தூக்கி ஏறுகிற வண்டி என்றால் சும்மாவா?)

மனைவியின் தங்கைக்குப் புறநகரான டொலார்டில் கல்யாணம். நகருக்குள் பார்க் எக்ஸ்டென்ஷனில் வாடகைக்கு எடுத்த மணவறையை ட்ரெய்லரில் ஏற்றி, முகூர்த்தத்துக்கு முன் மண்டபத்தில் சேர்க்க வேண்டும். சகலர் யோகண்ணை தன் பழைய ஸ்டேஷன் வேகனோடு வந்து நின்றார். கோடை முழுக்க இல்-பிசார் தீவில் அதில்தான் படகு இழுப்பார்.

"தம்பி, என்ரை வண்டி நிலத்தோடை பதிவு, நீளம். பாரம் இழுத்தாலும் ஆடாது. உம்மடை உயரம், காத்துப் பிடிக்கும்."

மணமகளின் தாயான மாமி விடவில்லை. "ஐயோ, அது பிரேதம் ஏத்துற வண்டி மாதிரிக் கிடக்கு. மணவறையை அதிலையோ கொண்டு போறது?"

நான் பெருந்தன்மையாகச் சிரித்துவிட்டு ட்ரெய்லரில் சாமான்களை அடுக்கினேன். எதிலும் பிள்ளையார்தான் முதல் என்று, பாரமில்லாத பைபர் பிள்ளையாரை முன்னால் இருத்தி, பலகை, ஆசனம், தூண் எல்லாவற்றையும் பின்னால் தள்ளினேன். (பக்திக்குக் குறைவில்லை.)

நாற்பதாம் நெடுஞ்சாலையில் காற்று அடித்தது. ட்ரெய்லர் இடுப்பை ஆட்டியது. என் வண்டியும் சேர்ந்து ஆடியது. பயத்தில் பிரேக்கை மிதித்தேன். (மிதிக்கக் கூடாதாம்.) வீதியோரப் புல்லில் இறங்கி, வந்த திசையைப் பார்த்தபடி நின்றோம். ஒருவருக்கும் கீறல் இல்லை. பக்கத்து இருக்கையில் போன் பேசி முடித்த மனைவிக்குக் கவலை வேறு.

"மாப்பிள்ளை வந்திட்டாராம். மணவறை இல்லாமல் தங்கச்சி எங்கை இருக்கிறது?"

பின்னால் வந்த யோகண்ணை ட்ரெய்லரைத் தன் வேகனில் கொழுவினார். பின்பாரம்தான் ட்ரெய்லரை ஆட்டியதாம், பாரத்தை முன்பக்கம் நகர்த்தினார். பிள்ளையாரைத் தூக்கித் தன் பக்கத்து இருக்கையில் வைத்து, பெல்ட் போட்டுவிட்டார்.

"நீர் பின்னுக்கு ஏறும்."

மனைவியோடு ஏறினேன். அதே காற்றுத்தான். வேகன் அசையவில்லை. (என் எஸ்.யூ.வி.யைத்தான் பிறகு வேறொரு வண்டி வந்து இழுத்துப் போனது.)

மண்டப வாசலில் நின்ற மாமி 'பிரேத வண்டி'யைக் கண்டு முகம் கறுத்தார். முன் இருக்கையில் பிள்ளையாரைக் கண்டதும் கும்பிட்டார். முகூர்த்தம் தப்பிப் பிழைத்தது. என் மானம் தப்பவில்லை.

அதன்பின் எங்கள் குடும்பக் கல்யாணங்களில் பாரமெல்லாம் யோகண்ணைக்கு. எனக்குப் பூ மட்டும். நானும் வேகன் வாங்கிப் பல வருடமாகிவிட்டது, ஆனாலும் பதவி உயரவில்லை. போன வருடம் என் மகளின் கல்யாணம்.

"அப்பா, நீங்கள் பூவை மட்டும் கொண்டு வந்தால் காணும். மெதுவா வாங்கோ."

மாலைப் பெட்டியை முன் இருக்கையில் வைத்து, பெல்ட் போட்டுத்தான் கொண்டு போனேன்.