கேஜ் அக்கா எரிமலைக்குள் இறங்கிய கதை

கேஜ் அக்காவைக் கண்டு பயப்படாத உயிரினம் கோலார் தங்க வயலில் கிடையாது. மாரிக்குப்பத்தில் கிளம்பும் காலை ரயில்கூட, அவர் ஏறி உட்கார்ந்த பிறகுதான் நகரும் என்பது பெங்களூருக்கு வேலைக்குப் போகும் எங்கள் பெட்டியின் நம்பிக்கை.

பெட்டி நிரம்பியதும் கதவருகே நின்று, "கேஜ் ஃபுல்லு! அடுத்த ட்ரிப்புல வாங்க!" என்று கத்துவார். கேஜ் என்பது சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் இரும்புக் கூண்டு. சுரங்கமே மூடிப் பல வருடம் ஆகிவிட்டது. அக்காவுக்கு மட்டும் ரயிலும் கேஜ், லிஃப்டும் கேஜ், மகளின் கல்யாணக் காரும் கேஜ்.

பெங்களூரில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் அட்டெண்டர் வேலை. ஆசிட் பாட்டில் துடைக்கும் அதே கையால் எங்களுக்குப் புளிசோறு அள்ளித் தருவார். வேண்டாம் என்று சொல்லும் தைரியம் யாருக்கும் வந்ததில்லை.

ஒருநாள் துணிந்து, "அது என்னக்கா இந்த கேஜ் பைத்தியம்?" என்று கேட்டேன்.

"பாலகாட் மைன் பக்கம் எங்க வீடு தம்பி. எங்க நைனாவுக்கு அண்டர்கிரவுண்டு வேலை. சின்னப் புள்ளைல அவரு பழைய ஹெல்மெட்ட மாட்டிக்கினு ஷிஃப்ட்டுக்குப் போற ஆம்பளைங்களோட லைன்ல நின்னுட்டேன். கேஜ்ல ஒரு காலு வெச்சிட்டேன்பா! ஹெல்மெட்டு நழுவி ரெட்டை ஜடை வெளிய வந்துடுச்சி. வாட்ச்மேன் என்னை அப்படியே தூக்கிட்டான். பொம்பளைங்க எறங்கக் கூடாது, போன்னான்."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"கடிச்சேன்."

பிறகு சுரங்கம் மூடியது, கேஜ் இறங்கும் ஷாஃப்ட்டில் தண்ணீர் நிறைந்தது. அக்காவின் ஆசையும் அதோடு மூழ்கிவிட்டது என்றுதான் நினைத்தேன். நான் போனில் ஒரு வீடியோ பார்த்துத் தொலைத்த அன்று எல்லாம் மாறியது. ஜாவா தீவில் ஓர் எரிமலை. இன்னும் உயிரோடு புகைந்துகொண்டிருப்பது. அதன் வாய்க்குள் இறங்கி ஆட்கள் கந்தகம் வெட்டிச் சுமந்து வருகிறார்கள். அக்கா எட்டிப் பார்த்தார். போனைப் பிடுங்கினார். ஒயிட்ஃபீல்டு தாண்டியும் போன் எனக்குத் திரும்பி வரவில்லை.

அவர் ஓய்வு பெற்றபோது மகள் தங்க வளையல் போடுவதாகச் சொன்னாள். "தங்கமா? எங்க நைனா ஆயுசுக்கும் தோண்டினாரு. அத நான் பார்த்துட்டேன். என்னை எரிமலைக்கு அனுப்பு" என்றார் அக்கா. மகளுக்குக் கைக்குழந்தை. "அங்கிள், அம்மா கூட நீங்க போங்க. அந்த ஊர்க்காரங்களுக்கு ஒரு பாதுகாப்பு வேணும்" என்றாள். நானும் என் மனைவியும் மாட்டிக்கொண்டோம்.

எரிமலையின் விளிம்பில் நின்று பார்த்தால் கீழே மயில்கழுத்து நிறத்தில் ஓர் ஏரி. பார்க்க அத்தனை அழகு. தண்ணீரோ முழுக்க ஆசிட். கரையில் மஞ்சள் பாறைகள், குமுறி எழும் வெள்ளைப் புகை. அக்கா மூக்கை உறிஞ்சி, "அட, எங்க லேபு வாசனை!" என்று பூரித்தார்.

வழிகாட்டிப் பையன் ஆங்கிலத்தில் பணிவாகச் சொன்னான்: "இபு, படம் இங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள். கீழே போவது ஆபத்து. பெண்கள் அந்த வேலைக்கு இறங்குவதில்லை." இபு என்றால் அவர்கள் மொழியில் அம்மா. என் மனைவி மெல்ல என் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தாள்.

அக்கா அவனுக்குத் தமிழிலேயே முழுக் கதையும் சொன்னார். தலையில் ஹெல்மெட் வைத்துக் காட்டினார், ஜடை நழுவியதைக் காட்டினார். கடித்ததைக் காட்ட அவன் கையைப் பிடித்தபோது அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அங்கே கூடையை இறக்கி இளைப்பாறிக்கொண்டிருந்த ஒரு கந்தகத் தொழிலாளி விழுந்து விழுந்து சிரித்தார். வழிகாட்டியிடம் முகமூடிகளை எடுத்துத் தரச் சொல்லிவிட்டு, 'பின்னால் வா' என்று சைகை காட்டி முன்னே நடந்தார்.

பாதி வழியில் காற்று திரும்பிப் புகை எங்களை மூடியது. கண் எரிந்தது, நெஞ்சு அடைத்தது. "அக்கா, திரும்பிடலாம்!" என்று கதறினேன்.

"நீ போப்பா. நான் ஒரு காலு வெச்சாச்சு. இனிமே எவன் தூக்குறான்னு பாக்குறேன்."

பாறையோடு ஒட்டிக் குந்திக் காத்திருந்தோம். புகை விலகியது. அக்கா இறங்கினார். கடைசிவரை இறங்கினார். அங்கே குழாய்களிலிருந்து கந்தகம் சிவப்பாய்ச் சொட்டி, மஞ்சளாய் இறுகிக்கொண்டிருந்தது. அக்கா குனிந்து தரையில் உள்ளங்கையை வைத்தார். "நைனா, நானும் எறங்கிட்டேன்" என்றார். அந்தக் குரலை எங்கள் ரயில் கேட்டதே இல்லை.

அடுத்த நிமிடமே பழைய அக்கா. மூங்கிலில் கோத்த இரட்டைக் கூடையைத் தோளில் ஏற்றச் சொன்னார். முதல் முறை கூடை அசையவில்லை. இரண்டாம் முறை அக்கா அசைந்தார், கூடை அசையவில்லை. மூன்றாம் முறை பல்லைக் கடித்துத் தூக்கி, ஓர் அடி எடுத்து வைத்தார். பள்ளத்தில் இருந்த அத்தனை பேரும் ஆரவாரம் செய்தார்கள்.

மேலே ஏறும்போது தவழ்ந்தது நான். என்னை இழுத்துக்கொண்டு வந்தது அக்கா. விளிம்பில் வழிகாட்டி சொன்னான்: "இபுவை நாளையும் வேலைக்கு வரச் சொல்கிறார்கள்." நான் அதை அக்காவுக்குத் தமிழில் சொன்னேன்.

"எந்த ஷிஃப்ட்டுன்னு கேளு" என்றார் அக்கா.

முகமெல்லாம் மஞ்சள் தூள், கழுத்தில் தொங்கும் முகமூடி, இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கிய அக்கா, சுற்றிலும் சிரிக்கும் தொழிலாளிகள். விளிம்பில் என் மனைவி எடுத்த அந்தப் படம்தான் இப்போது என் போன் திரையில் இருக்கிறது. வேறொரு பெண்ணின் படத்தை வைத்திருக்கிறேனே என்று வீட்டில் இதுவரை ஒரு சண்டையும் வரவில்லை. அவள் போனிலும் அதே படம்தான்.