கவர்னருக்குத் தடிமன்

ஒரு பெரிய மனிசர் விழாவுக்கு வருகிறார் என்றால் எங்கட ஆக்களுக்கு மூளை வேலை செய்யாது, கை கால்தான் வேலை செய்யும். இந்த விஷயத்தில் நான் மற்றவர்களைவிட ஒரு படி மேல்.

சுவிஸில், பாசலிலிருந்து ரயிலில் கொஞ்சத் தூரம் போனால் எங்கட ஊர். அங்கே தமிழ்ப் பள்ளி சனிக்கிழமைகளில் கன்ரோன் என்கிற மாநில அரசின் பள்ளிக்கூடக் கட்டிடத்தில் நடக்கும். அந்த வருஷம், கோடை விடுமுறைக்குப் பிறகு வகுப்பறை தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அறை போனால் பள்ளியும் போச்சு. என்ர மகள் அப்போதுதான் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கியிருந்தாள். எனக்கு நித்திரையே இல்லை.

பள்ளியை நடத்திய பரமநாதன் அண்ணைக்கு நான்தான் யோசனை சொன்னேன்.

"அண்ணை, ஆண்டு விழாவுக்குக் கவர்னரைக் கூப்பிடுவம். பொன்னாடையைப் போர்த்திப்போட்டு மேடையிலயே கேட்பம். மனிசன் எப்பிடி இல்லையெண்டு சொல்லும்?"

(சுவிஸில் கவர்னர் என்று ஒருவர் கிடையாது. கன்ரோன் அரசின் தலைவரைத்தான் அப்படிச் சொன்னேன். பிறந்த ஊரில் கவர்னரைக் கொழும்பிலிருந்து நியமிப்பார்கள். இங்கே சனம் வாக்குப் போட்டுத் தெரிவு செய்கிறது. எனக்குத் தெரிந்த வித்தியாசம் அவ்வளவுதான்.)

தலைவரின் அலுவலகத்துக்கு அழைப்பிதழ் போனது. வருகிறோம் என்று பதிலும் வந்தது. அறிமுக உரை என்ர பொறுப்பு. இணையத்தில் தேடி அவருடைய படம், பதவி, தேர்தல் வரலாறு எல்லாம் எடுத்தேன். மனிசன் முதல் தேர்தலில் தோற்றிருந்தார். அதை வெட்டினேன், மேடையில் தோல்வியைக் கதைக்கலாமோ? அடுத்த முறை தட்டுத் தடுமாறி வென்றிருந்தார். அதை "மக்கள் வெள்ளம் அவரைத் தோளில் தூக்கி வைத்தது" என்று ஜெர்மன் மொழியில் எழுதினேன்.

என்ர மனுசி சுகந்தி எட்டிப் பார்த்தாள். "இஞ்சருங்கோ, இது போன வருஷத்துப் பக்கமெல்லோ? ஒருக்கா வடிவாப் பாருங்கோ."

"உமக்கென்ன விசரே? கவர்னர் எண்டவர் வருஷா வருஷம் மாறுற ஆளோ?"

விழா அன்று மண்டப வாசலில் மாலையோடு நின்றேன். முன்னுக்கும் பின்னுக்கும் வாகனம் வரும், நாலு பொலிஸ் இறங்கும் என்று பார்த்துக்கொண்டிருக்க, பஸ்ஸிலிருந்து முதுகுப்பையோடு ஒரு அம்மா இறங்கி வந்தா. கைகொடுத்துத் தன் பெயரைச் சொல்லி, "அரசாங்கத்திலிருந்து வந்திருக்கிறேன்" என்றா. பெயர் என்ர பேப்பரில் இல்லை. முதுகுப்பையோடு வாற பொம்பிளை கவர்னராய் இருப்பாவோ? சரி, இது கவர்னரின் மனுசி என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

"உங்கட கணவர் வரேல்லையோ?"

அம்மா கொஞ்சம் யோசித்துப் பார்த்தா. "இல்லை, அவருக்குக் கடுமையான தடிமன். மூக்கடைத்துப் படுத்திருக்கிறார்."

எனக்குச் சப்பென்று போய்விட்டது. ஆனாலும் மனுசியையாவது அனுப்பினாரே! ஓடிப்போய்ப் பரமநாதன் அண்ணையின் காதில் சொன்னேன். "தம்பி, மனுசியின்ர மனம் குளிர்ந்தால் மனிசன் கேட்பார். நல்லாத் தூக்கிப் பேசும்" என்றார்.

தூக்கினேன் பாருங்கோ! "கவர்னர் அவர்களுக்குத் தடிமன். அவருக்குப் பதிலாக அவருடைய பாரியார் வருகை தந்திருக்கிறார்" என்று தொடங்கி, அந்த மனிசனின் தேர்தல் வரலாற்றை ஒரு வரி விடாமல் வாசித்தேன். தோல்வியே அறியாதவர் என்றேன். ஒவ்வொரு வெற்றிக்கும் பின்னால் இந்த அம்மா அடுப்படியில் நின்று உழைத்திருக்கிறா என்று, எழுதாததையும் சேர்த்து விட்டேன். இங்கே பிறந்த பெடியள் முன்வரிசையில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். சுகந்தி தலையில் கைவைத்துக்கொண்டிருந்தாள். உரைக்கு நல்ல வரவேற்பு என்று நான் நினைத்தேன்.

அம்மா பொன்னாடையோடு மைக்கைப் பிடித்தா.

"என் கணவருக்குத் தடிமன் என்பது உண்மை. ஆனால் அவர் பல் வைத்தியர்."

அம்மா என்ர பேப்பரைக் கைகாட்டினா.

"நீங்கள் புகழ்ந்தவர் என்னோடு அரசில் மந்திரியாய் இருப்பவர். தலைமைப் பதவி எங்களுக்குள் வருஷத்துக்கு ஒருவராகச் சுற்றி வரும். போன வருஷம் அவர், இந்த வருஷம் நான். அவருடைய கட்சிக்காரர்கூட அவரை இப்படிப் புகழ்ந்ததில்லை. இன்னொன்று, நீங்கள் சொன்ன அந்தத் தேர்தலில் நானும் நின்றேன், ஆகக் கூடுதலான வாக்கு எடுத்தது நான்."

கூரை பறக்கிற மாதிரிச் சிரிப்பு. எனக்கு அந்த மேடைக்குக் கீழே ஒரு குழி இருந்திருந்தால் போதும், இறங்கிப் படுத்திருப்பேன். வெட்கத்தைவிடப் பயம்தான் பெரிசு. என்ர விசர் வேலையால் பிள்ளையளின் வகுப்பறை போகப் போகுதே!

பரமநாதன் அண்ணை மெல்ல அறை விஷயத்தைத் தொடங்கினார். அம்மா கவனமாகக் கேட்டா.

"நல்ல காலம் என்னைக் கூப்பிட்டீர்கள். பள்ளிக்கூடங்கள் என் பொறுப்பு. அவர் வந்திருந்தால் றோட்டுத்தான் போட்டுத் தந்திருப்பார். அறையை நான் பார்த்துக்கொள்கிறேன்."

அப்பாடா! அந்த இடத்திலேயே கதிரையில் பொத்தென்று இருந்துவிட்டேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு வயிறு பசித்தது. அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து வடை சாப்பிட்டேன். சொன்னபடி அறையும் கிடைத்தது. பள்ளி இன்றைக்கும் அங்கேதான் நடக்கிறது, என்ர மகள் இப்போது அங்கே சின்னப் பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறாள்.

வீட்டில் மட்டும் எனக்கு விடுதலை இல்லை. நான் ஒரு தும்மல் தும்மினால் போதும். மகள் கையில் கிடைத்த துவாயைப் பொன்னாடை மாதிரித் தாயின் தோளில் போர்த்தி, "கவர்னர் அவர்களுக்குத் தடிமன். அவருக்குப் பதிலாக அவருடைய பாரியார் வருகை தந்திருக்கிறார்" என்று என்ர குரலிலேயே சொல்லுவாள். சுகந்தி துவாயை இழுத்துச் சரிசெய்துகொண்டு என்னைத் திரும்பிப் பார்ப்பாள்.

"இந்தமுறையாவது நான் ஆரின்ர மனுசி எண்டு வடிவா விசாரிச்சனீங்களோ?"