பட்டு முந்தானையும் ஒரு கூடை மண் தட்டும்

எங்கள் குடும்பத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் ஆள் நான். ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆகவே எனக்கு வரும் பொறாமையும் படித்தவளின் பொறாமை. காரண காரியத்தோடுதான் வரும். அது முழுக்க முழுக்க என் நங்கை மேல் வந்தது. (அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம்.)

நங்கை திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பெண். கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் கடலைக் காட்டில் பன்றி விரட்டி வளர்ந்தவள், துப்பாக்கிக்கு அஞ்சமாட்டாள். அண்ணனுக்கோ அப்போது மண் தட்டுச் சுடும் பைத்தியம். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத் துரைகளைப் பார்த்துப் பிடித்தது. குயவரிடம் சொல்லி உள்ளங்கை அகலத்தில் தட்டுகள் செய்து வாங்கி, பனை மட்டையின் நுனியைப் பிளந்து, அதில் செருகி விசிறச் சொல்வான். தட்டு காக்கை மாதிரி பறக்கும். விழுவதற்குள் சுட்டு உடைக்க வேண்டும்.

நங்கைக்கும் சுடச் சொல்லிக்கொடுத்தான். ஆரம்பத்தில் அவள் பத்துக்கு மூன்றுகூட உடைக்கவில்லை. எனக்கு மிகவும் திருப்தியாக இருந்தது. அண்ணன் சும்மா இருந்தானா? அவளைச் சேலத்துக்கு அழைத்துப்போய், துப்பாக்கி பழுது பார்க்கும் கடையில் அவள் உடம்புக்குத் தக்கபடி துப்பாக்கியின் மரக்கட்டையைச் சீவி வாங்கி வந்தான். ரவிக்கைக்கு அளவெடுக்கிற மாதிரிதான். முழங்கை மடிப்பிலிருந்து விரல் வரை நீளம் பார்த்து, கட்டையின் அடி தோளில் படியவும் அதன் மேல் கன்னம் படியவும் மரத்தைக் குறைப்பார்கள். கன்னம் சரியாகப் படிந்தால் கண் தானாகவே குழலுக்கு நேராக வருமாம். கண் போன இடத்துக்கு ரவை போகுமாம். போயிற்று. அடுத்த வாரமே பத்துக்கு ஏழு.

அம்மா அவளுக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டாள். நான் பரீட்சை தேறியபோது சுற்றவில்லை. (கேட்டும் பார்த்தேன். "பரிச்சைக்கெல்லாம் ஆரு கண்ணு போடுவா சாமி?" என்றாள்.)

இந்த நிலையில் ஏற்காட்டிலிருந்து அண்ணனுக்கு அழைப்பு வந்தது. மாசி மாதம் பந்தயம். வீட்டுப் பெண் ஒருத்தியும் சுட வரலாம். அண்ணனின் மோட்டார் காரில் இரண்டு பேர்தான் வசதியாக உட்காரலாம்.

"துரைசாணிக இங்கிலீசுல பேசுனா ஆரு பதில் சொல்றது? நாந்தான் வாரேன்" என்றேன்.

"தட்டுகிட்ட இங்கிலீசு பேசுனா ஒடைஞ்சுருமா?" என்றான் அண்ணன். "பொங்கலுக்கு மக்யா நாளு ஏரியில ரெண்டு பேரும் சுடுங்க. ஆரு நெறையா ஒடைக்கறீங்களோ அவுங்க காருல ஏறுங்க."

"அப்ப எனக்கும் துப்பாக்கிக்கு அளவெடுக்கோணும்."

நியாயம்தான். அப்பாவின் பழைய துப்பாக்கி ஒன்று இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு சேலம் போனோம். நான் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிய மாதிரியே, மெல்லிய வாயில் புடவையின் முந்தானையை இடது தோளில் போட்டுக்கொண்டு போனேன். கடைக்காரர் அளந்தார், சீவினார், கச்சிதம் என்றார். தோட்டத்துக் கிணற்றுக்குப் பின்னால் பழகினேன். பத்துக்கு எட்டு! நங்கைகூட வந்து பார்த்துவிட்டு, "நல்லாச் சுடறீங்க அம்மிணி" என்றாள். அதில் வயிற்றெரிச்சல் கொஞ்சம்கூட இல்லாதது எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

பொங்கலுக்கு மறுநாள், எங்கள் பந்தயம். வற்றிச் சேறாகிக் கிடந்த ஏரியின் ஓரத்தில் உறவுக்காரர் எல்லாரும் கூடிவிட்டார்கள். நங்கை கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு வந்து நிற்பாள், எல்லார் கண்ணும் அங்கேதான் போகும் என்று எனக்குள் ஒரு கணக்கு. அம்மாவின் பெட்டியைத் திறந்து, அடியில் கிடந்த கனத்த சரிகைப் பட்டை எடுத்தேன். உறவுக்கு முன்னால் பட்டு என்றால் எங்கள் ஊர்க் கட்டுத்தான்: பின்னால் கொசுவம், வலது தோளில் முந்தானை. நாலு மடிப்பாக அடுக்கிக்கொண்டேன்.

"அது பாரங் கண்ணு" என்றாள் அம்மா.

"இருந்துட்டுப் போகட்டும்."

நங்கை தினமும் கட்டுகிற நூல் சேலையில் வந்தாள். ஏழு உடைத்தாள்.

என் முறை. தட்டு விசிறுகிறவர் மாமா, அம்மாவின் தம்பி. ஊரிலேயே பெரிய வாய். துப்பாக்கியைத் தூக்கித் தோளில் வைத்தேன். தோள் எங்கே இருந்தது? சரிகைதான் இருந்தது. கட்டை வழுக்கிக்கொண்டு புஜத்துக்குப் போயிற்று. கன்னத்துக்கு மரம் எட்டவில்லை. சுட்டேன். ஆகாயத்துக்குப் பட்டிருக்கலாம். தட்டு சேற்றில் போய்ப் பத்திரமாக இறங்கியது.

மாமா அதைத் துடைத்துப் பார்த்தார். "புதுசாட்டவே இருக்குதுங்க. மறுக்காவும் வீசலாம்."

இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. நங்கை மெல்ல என் பக்கத்தில் வந்தாள். "அம்மிணி, அந்த முந்தானையக் கொஞ்சம் நவுத்திக்குங்க. கட்டை உக்கார மாட்டீங்குது பாருங்க."

இத்தனை பேர் முன்னால் என் பட்டைக் குலைக்கப் பார்க்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. (படித்த மூளை.) "எனக்குத் தெரியும் நங்கை" என்றேன்.

நாலாவது தட்டுப் பறந்தது. வந்த கோபத்தில் இரண்டு குழலையும் ஒன்றாக வெடித்தேன். துப்பாக்கி உதைத்த உதையில் கட்டை ஒரு பக்கம், சரிகை ஒரு பக்கம், நான் பின்பக்கம். அங்கேதான் மிச்சத் தட்டுகள் இருந்த கூடை. நன்றாகச் சுட்ட மண். உடைகிற சத்தம் ஏரி முழுக்கக் கேட்டது.

"எத்தனைங்க மாமா?" என்றான் அண்ணன், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல்.

"சுட்டதுல ஒண்ணுமில்லீங்க மாப்ள" என்றார் மாமா. "உக்காந்ததுல ஒரு கூடை."

ஓடி வந்து தூக்கிவிட்டவள் நங்கைதான். அதையும் நான் மன்னிக்கவில்லை.

விஷயம் எளிது. என் துப்பாக்கி மெல்லிய ரவிக்கை போட்ட தோளுக்கு அளந்தது. அதன் மேல் நாலு மடிப்புப் பட்டை ஏற்றினால் அளவு ஏது? நங்கை கடைக்கே தான் அன்றாடம் கட்டுகிற மாதிரி, முந்தானை வலது தோளில் இருக்கத்தான் போயிருந்தாள். அவள் கட்டையில் அந்தக் கனமும் சேர்ந்தே அளந்திருந்தது. மறுவாரம் வாயில் புடவையில் போய்ப் பத்துக்கு ஒன்பது உடைத்தேன். பார்த்தது ஓர் எருமையும் இரண்டு கொக்கும்.

ஏற்காட்டுக்கு நங்கை போனாள். ஒரு துரைசாணி கொடுத்த பிஸ்கோத்து டப்பாவும், 'தாங்க்யூ' என்ற ஒரு சொல்லும் கொண்டுவந்தாள். அந்த ஒரு சொல்லை அம்மா ஊரெல்லாம் சொல்லிப் பூரித்தாள். எனக்கு எத்தனை ஆயிரம் சொல் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை.

இன்றும் எந்த விருந்திலும் நான் பந்தியில் உட்காரப் போனால் யாராவது ஒருவர் குரல் கொடுப்பார்: "ஏனுங்க, தட்டெல்லாம் எடுத்துருங்க, அம்மிணி உக்காரப் போவுது!" பந்தியே அதிரும். நங்கை மட்டும் ஒரு நாளும் சொன்னதில்லை. எதிர் வரிசையில் குனிந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, சோற்றையே பார்த்துக்கொண்டிருப்பாள். சிரிப்பை அடக்குவதிலும் அவள்தான் என்னைவிடக் கெட்டிக்காரி.